மன்னிக்க என்ன இருக்கிறது? சிங்கப்பூர் வாசிப்பு அறையில் ஜெயகாந்தனின் கங்கா: ஒரு நிகழ்வு ஆய்வு

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளியானபோது தமிழ் வாசகர்களின் கோபம் ஒரு தாயின் மேல் பாய்ந்தது. மழையில் பேருந்துக்காக நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் தன் பெரிய காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். அழுதுகொண்டே வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டுகிறாள். உன் மனசில் அழுக்கு இல்லை, நீ சுத்தமானவள் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அதெப்படி அவள் அப்படிச் சொல்லலாம்? அன்றைய சண்டை இதுதான்.

அதே கதையையும் அதிலிருந்து பிறந்த நாவலையும் சிங்கப்பூரில் எங்கள் வாசகர் குழு அண்மையில் சேர்ந்து படித்தது. இங்கேயும் சண்டை வந்தது, ஆனால் அது வேறு சண்டை. தாய் மன்னித்தது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. மன்னிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கதையில் ஒரு எழுத்துகூட மாறாதபோது வாசகரின் கோபம் எப்படி இடம் மாறுகிறது என்பதை நேரில் பார்த்தோம். அந்த அமர்வுகளை ஒழுங்கு செய்தவள் என்ற முறையில் பார்த்ததையும் அதைப் பற்றி நான் நினைப்பதையும் எழுதிவைக்கிறேன்.

நாவலின் பின்கதை

'அக்கினிப் பிரவேசம்' கிளப்பிய எதிர்ப்பு சாதாரணமானது அல்ல. கடிதங்கள் குவிந்தன. கதையின் முடிவை மாற்றி எழுதிக் காட்டியவர்களும் உண்டு. ஜெயகாந்தன் அந்த எதிர்ப்பையே கையில் எடுத்து ஒரு நாவலாக்கினார். சரி, நீங்கள் சொல்வதுபோல் அந்தத் தாய் மன்னிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? இதுதான் நாவலின் கேள்வி. தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்தது, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலானது. 1972இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் ஏ. பீம்சிங் படமாக எடுத்தார். அந்தப் பெண் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

நாவலில் தாய் கதறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். வெங்கு மாமா அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கிறார். அந்த அடைக்கலத்துக்கு விலையாக அவளிடமே அத்துமீறப் பார்ப்பவரும் அவர்தான். கங்கா படித்து, நல்ல வேலைக்குப் போய், தனியாகச் சம்பாதித்து வாழ்கிறாள். பல வருடங்கள் கழித்து ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரின் கதையைப் படிக்கிறாள். அது அவளுடைய கதை. ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் கதையில் தாய் தண்ணீர் ஊற்றி மகளை ஏற்றுக்கொண்டுவிடுகிறாள்.

தொடங்குவதற்கு முன்பே வந்த எதிர்ப்பு

தீவின் வடக்கே ஒரு பொது நூலகத்தின் நிகழ்ச்சி அறையில், ஞாயிறு மதியங்களில் கூடுகிற குழு எங்களுடையது. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர், குடும்பச் சேவை நிலையத்தில் வேலை பார்க்கும் சமூக ஊழியர், ஒரு வழக்கறிஞர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருத்தி, அவளுடைய அம்மா, ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர், இன்னும் சிலர். சிங்கப்பூரில் தமிழர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கும் வாய்ப்பு அதிகம் அமைவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு பக்கம், வேலைக்காக ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துதான் கிடக்கிறோம். இந்த மேசை எனக்கு முக்கியமாக இருப்பதற்கு அது பெரிய காரணம்.

அறிவிப்பு வெளியான வாரத்தில் ஒரு தகப்பனார் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளைங்க வர்ற இடத்துல இப்படியான கதை தேவையாங்க?" என்றார். கோபமாகப் பேசவில்லை, கவலையோடு கேட்டார். அந்தக் கவலையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நூலகத்தில் என்ன இருக்கலாம் என்ற சண்டையை இந்த ஊர் முன்பே பார்த்திருக்கிறது. 2014 ஜூலையில் பொது நூலகங்களின் சிறுவர் பிரிவிலிருந்து மூன்று படக்கதை நூல்கள் எடுக்கப்பட்டன. ஒன்று ஏற்கனவே கூழாக்கப்பட்டுவிட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு மற்ற இரண்டும் பெரியவர் பிரிவுக்குப் போயின. அதனால் நாங்கள் ஒளிக்காமல் எழுதினோம்: இந்தக் கதையில் ஒரு பெண்ணுக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது, தெரிந்துகொண்டு வாருங்கள், பதின்ம வயதினர் பெற்றோரோடு வரலாம்.

அந்த வாசகத்தை எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 'பாலியல் கொடுமை' என்று ஒரு வரியில் நாங்கள் தீர்ப்பு எழுதிவிட்டோம். 1966இல் அந்தக் கதையைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் பெண் 'கெட்டுப்போனாள்' என்றே பேசினார்கள். அறிவிப்புப் பலகையின் ஒற்றை வரியிலேயே அரை நூற்றாண்டின் மாற்றம் உட்கார்ந்திருந்தது.

முதல் அமர்வு: தண்ணீர்

சிறுகதையை வாய்விட்டுப் படித்தோம். தண்ணீர் கொட்டும் பகுதியை ஆசிரியை படித்தார். வகுப்பில் பல தலைமுறைக்குப் படித்துக் காட்டிய குரல் அது, அறை அசையாமல் கேட்டது. அவர் முடித்ததும் மாணவி கையை உயர்த்தாமலே கேட்டுவிட்டாள்.

"டீச்சர், எதுக்கு அவ தலையில தண்ணி ஊத்தணும்? அழுக்கு அவன் மேலதானே?"

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப இருந்து பாரும்மா. அந்தத் தாய் தண்ணி ஊத்தினா. மத்த வீடுகள்ல மண்ணெண்ணெய் ஊத்தியிருப்பாங்க."

யாரும் உடனே பேசவில்லை. ஆசிரியை தொடர்ந்தார். அவர் சிறுமியாக இருந்தபோது ஊரிலிருந்து வரும் பழைய விகடன்களைப் பெண்கள் கைமாற்றிப் படிப்பார்களாம். இந்தக் கதை வந்த இதழ் அவர்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததாம். "அந்தத் தாய் தப்புப் பண்ணிட்டான்னு வெளியில எல்லாரும் சொன்னாங்க. எங்க பெரியம்மா ராத்திரி அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிச்சாங்க. அவங்களுக்கு அப்படி ஒரு அம்மா கிடைக்கலை."

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாறும் மனப்பான்மை என்று பேசும்போது, முன்னாலிருந்தவர்களுக்குக் கண் இல்லை, நமக்குத்தான் திறந்தது என்று ஒரு எண்ணம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அது தவறு. பத்திரிகைக்கு எழுதியவர்களின் கடிதங்கள் மட்டும்தான் பதிவில் இருக்கின்றன. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்தவர்கள் கடிதம் எழுதவில்லை. அவர்களின் வாசிப்பு எங்கேயும் அச்சாகவில்லை. இன்று நாம் புதிது என்று நினைக்கும் கேள்வி அவர்களுக்குள் அன்றே இருந்திருக்கும்.

அச்சிலேயே இருந்ததற்கும் சான்று உண்டு. அடுத்த வாரம் ஆசிரியை புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையை நகலெடுத்துக் கொண்டுவந்தார். 1943இல் வந்த கதை. ராமன் பாதம் பட்டுக் கல்லிலிருந்து மீண்ட அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதும் அதே ராமன்தான் என்று சீதையின் வாயாலேயே கேட்டு, மறுபடியும் கல்லாகிப்போகிறாள். சோதிப்பதற்கு இவன் யார் என்ற கேள்வி ஜெயகாந்தனுக்கு 23 வருடங்களுக்கு முன்பே எழுந்துவிட்டது.

முதல் அமர்வில் இன்னொன்றும் நடந்தது. காரில் அந்த ஆள் பெண்ணுக்குச் சூயிங்கம் கொடுக்கிறான். வீட்டில் தாய் தண்ணீர் ஊற்றி, உடை மாற்றச் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகும் மகளின் வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. அதைத் துப்பு என்கிறாள் தாய். எங்கள் மாணவி இதை விடவே இல்லை. 1992 முதல் சூயிங்கம் விற்கத் தடை இருக்கும் ஊரில் பிறந்தவள், அவளுக்கு அது கடையில் கிடைக்கிற சாதாரணப் பொருள் இல்லை. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் தாண்டிப்போன இடத்தில் அவள் நின்றாள். "அவன் அவகிட்ட ஒண்ணைக் கொடுத்துட்டு எடுத்துக்கிறான். கொடுத்தது இன்னும் அவ வாயிலயே இருக்கு. அவளுக்கே தெரியலை" என்றாள். நான் பல தடவை படித்த கதை. அந்தச் சின்னப் பொருளில் இவ்வளவு இருக்கிறது என்பதை அவள் சொன்ன பிறகுதான் கண்டேன்.

சட்டம் சொன்னது, சமூகம் கேட்காதது

அது சம்மதமா என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் வழக்கறிஞரைப் பார்த்தார்கள். கதை அந்த இடத்தைப் பூடகமாகவே வைத்திருக்கிறது. பெண் பயப்படுகிறாள், அம்மா தேடுவாள் என்கிறாள், அழுகிறாள். எழுந்து ஓடவில்லை.

வழக்கறிஞர் சொன்னதைக் குழு எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூரின் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வார்ப்பு. தீங்கு நேரும் என்ற அச்சத்தாலோ தவறான எண்ணத்தாலோ கொடுக்கப்பட்ட சம்மதம் சம்மதமாகாது என்ற 90ஆம் பிரிவு இரண்டிலும் அதே எண்ணில் இருந்தது. கங்காவின் பயம் அந்தப் பிரிவுக்குள் அடங்குமா என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் உண்டு, ஆனால் வாதாடுவதற்கான வரி 1966 சென்னையிலும் இருந்தது என்றார். விகடனுக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு அந்த வரி ஞாபகம் வரவில்லை. அவர்கள் கேட்டது அவள் சம்மதித்தாளா என்று அல்ல, அவளை இனி யார் கட்டிக்கொள்வார்கள் என்று.

சட்டம் மாறியதால் வாசிப்பு மாறியது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே நடந்தது வேறு. வரி அங்கேயே இருந்தது, அதைப் பெண்ணின் பக்கமிருந்து படிக்கிற பழக்கம்தான் பிறகு வந்தது. சில இடங்களில் சட்டமும் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது, மனைவியை வல்லுறவு செய்த கணவனுக்கு இருந்த விதிவிலக்கு சிங்கப்பூரில் 2020 ஜனவரியில்தான் முழுவதுமாகப் போனது. 2019இல் உள்ளூர்ப் பல்கலைக்கழக விடுதியில் குளிக்கும்போது ஒளிப்பதிவு செய்யப்பட்ட மாணவி ஒருவர் தானே முன்வந்து வெளியில் சொன்னபோது, அவமானம் யாருடையது என்று இந்த ஊரே பேசியது. எங்கள் மாணவி அப்போது சிறுமி. அவளுடைய கேள்வி அந்தப் பேச்சுக்குள் வளர்ந்தது.

இரண்டாம் அமர்வு: மாமாவும் எழுத்தாளரும்

நாவலுக்கு வந்ததும் பேச்சு வெங்கு மாமாவிடம் போய் நின்றது. பழைய வாசகர்கள் அவரைப் பற்றிப் பேசினாலும், சம்பவம் நடந்தது காரில் என்றுதான் நினைவு வைத்திருந்தார்கள். எங்கள் அறையில் சமூக ஊழியர் அதை மாற்றிப் போட்டார். "கார்ல நடந்தது ஒரு சாயங்காலம். மாமா வீட்ல நடந்தது வருஷக்கணக்கு. படிக்கவைக்கிறேன், சோறு போடுறேன்னு சொல்லிச் சொல்லியே கட்டிப்போடுறார். எங்ககிட்ட வர்ற பிள்ளைங்களும் முதல்ல 'அவரு எங்களுக்கு நிறைய செஞ்சிருக்காரு'ன்னுதான் ஆரம்பிப்பாங்க." இதைச் சொல்லும்போது அவர் குரலில் தொழில்முறை நிதானம் இல்லை. அந்த ஒரு கூற்றுக்குப் பிறகு நாவலின் மையமே நகர்ந்துவிட்டது. நான் அதை மறுபடி எடுத்துப் படித்தபோது, காரைவிட அந்த வீடுதான் என்னைப் பயமுறுத்தியது.

மாணவி கேட்டது எழுத்தாளரைப் பற்றி. "அவ கதையை எழுதுறதுக்கு ஆர்.கே.வி. யாரு? அவ அனுமதி கொடுத்தாளா?" ஜெயகாந்தன்மேல் வைத்த குற்றச்சாட்டாகத்தான் அவள் அதைக் கேட்டாள். ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்கு நாவலுக்குள்ளேயே இடம் வைத்திருக்கிறார் ஜெயகாந்தன். கங்கா ஒரு வாசகி. தன்னைப் பற்றி ஒரு ஆண் எழுதிய கதையை அச்சில் படிக்கிறாள், அதில் தனக்குக் கிடைக்காத தாய் இருப்பதைப் பார்க்கிறாள், எழுதியவரைத் தேடிப் போகிறாள். 'அக்கினிப் பிரவேச'த்தின் மேல் வைக்கப்பட வேண்டிய ஆழமான விமர்சனம் கருணை மிகுந்த அந்த முடிவு உண்மையில் நடக்கவில்லை என்பது. அந்த விமர்சனத்தைச் சொல்வது கங்கா. பெரும்பகுதி அவள் குரலிலேயே வருகிற நாவல் இது.

மாணவி பள்ளியில் 'ஜேன் அயர்' படித்திருக்கிறாள். 1847இல் வந்த அந்த நாவலில் மாடி அறையில் பூட்டிவைக்கப்பட்ட மனைவிக்குப் பேச்சே கிடையாது. அவளைப் பேசவைத்து ஜீன் ரீஸ் எழுதிய நாவல் வந்தது 1966இல், 'அக்கினிப் பிரவேசம்' வந்த அதே வருடம். அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வேறொருவர் வந்து செய்ததை, ஜெயகாந்தன் தன் கதைக்குத் தானே, சில வருடங்களுக்குள் செய்துவிட்டார். புதிய மனப்பான்மை வெளியிலிருந்து வந்து பழைய நூலைத் திருத்துகிறது என்ற படம் இந்த நூலுக்குப் பொருந்தாது. இது தன்னையே மறுவாசிப்பு செய்துகொண்ட நூல். என்னுடைய முடிவு இதுதான், அமர்வுகளுக்குப் பிறகு இன்னும் உறுதியாக நம்புகிறேன்.

முடிவைப் பற்றி மட்டும் நான் இளையவர்கள் பக்கம். அன்று காரில் ஏற்றிப்போன பிரபுவைக் கங்கா கண்டுபிடிக்கிறாள், அவனோடு நட்பாகிறாள், அவன் விலகிப்போனதும் குடியில் போய் விழுகிறாள். படித்து, சம்பாதித்து, தன் வாழ்க்கையைத் தானே நடத்திய ஒருத்தியை வைக்க நாவலுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. அன்றைய சமூகம் அப்படித்தான் இருந்தது என்றார் ஆசிரியை. இருக்கலாம். ஆனால் தாய்க்கு அந்தக் காலத்தில் இல்லாத கருணையைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு, மகளுக்கு ஓர் எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இளையவர்கள் அவசரப்பட்ட இடமும் உண்டு. கங்கா பிரபுவிடம் நெருங்குவதை 'மனக்காயம்' என்று பெயர் வைத்து மாணவி மூடிவிடப் பார்த்தாள், அந்தப் பாதியைப் படிக்கவே வேண்டாம் என்றாள். கங்காவுக்கு அந்த மனிதன் எதிரியும்தான், தன் வாழ்க்கையில் அந்த நாளை அறிந்த ஒரே சாட்சியும்தான். பெயர் சூட்டிவிட்டால் அவள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அவளைக் கெட்டுப்போனவள் என்று மூடியவர்களும் அதைத்தான் செய்தார்கள். மாணவியின் அம்மா, அதுவரை பேசாமல் இருந்தவர், இங்கேதான் வாய் திறந்தார். சின்ன வயதில் இந்தப் படம் தொலைக்காட்சியில் ஓடியபோது அவருடைய அம்மா எழுந்து வந்து பெட்டியை அணைத்துவிட்டாராம். "முழுசா என்ன நடந்ததுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீயும் அணைச்சிடாத" என்றார் மகளிடம். மகள் மறுபாதியைப் படித்தாள். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் படித்துவிட்டு எதிர்த்தாள்.

பேசப்படாதது

புதுக்கோட்டைக்காரர் இரண்டு அமர்விலும் கடைசியில்தான் பேசினார். அவருக்கு ஊரில் கல்லூரிக்குப் போகும் தங்கை இருக்கிறாள். பேருந்து கிடைத்ததா என்று தினமும் மாலை இங்கிருந்து கேட்பாராம். "டீச்சரம்மா, மழைல பஸ் ஒழுங்கா வந்திருந்தா கதையே இல்லைங்களே. அப்புறம் இன்னொண்ணு, சைக்கிள்ல வந்தவன் கூப்பிட்டிருந்தா அந்தப் பொண்ணு போயிருக்குமா? காரு கூப்பிட்டுச்சு, போச்சு." கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்த ஜெயகாந்தனுக்கு இந்த வாசிப்பு புரிந்திருக்கும். ஆணா பெண்ணா என்றே பேசிக்கொண்டிருந்த நாங்கள், பணத்தை மறந்திருந்தோம். அது விதவைத் தாய் நடத்தும் பிராமணக் குடும்பம், வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு அங்கே என்ன அர்த்தம் என்பதும் இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்கிச் சொன்ன பிறகே தெரிந்தது. சாதி கண்ணில் படாமல் வளர்வது நல்லதுதான், நாவலின் ஒரு பாதி அதனால் கண்ணில் படாமல் போவது நல்லதல்ல.

அவர் அடுத்துக் கேட்ட கேள்விக்கு அறையில் பதில் இல்லை. "எல்லாரும் அந்தப் பொண்ணு, அம்மா, மாமான்னு பேசுறோம். அந்த ஆளு பிரபு, அவன் என்ன நெனச்சான்?" 1966 கடிதங்களும் தாயையும் மகளையும்தான் சுற்றின. நாங்களும் இரண்டு அமர்வு முழுக்க அவனைத் தொடாமலே பேசியிருக்கிறோம். நாவல் அவனுக்கு நிறைய பக்கங்கள் கொடுக்கிறது, மனைவி உண்டு, மஞ்சு என்று மகள் உண்டு, கடைசியில் மாற்றமும் உண்டு. அறையில் இருந்த மற்ற ஆண்கள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அமர்வைப் பிரபுவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஆண்கள் மட்டும் முதல் அரை மணி நேரம் பேசுவது என்று ஏற்பாடு. வழிநடத்தப்போவது புதுக்கோட்டைக்காரர்.